பெருமூச்சை அளக்கும் கோல்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால், அதைச் சொல்லிக்கொண்டு அவர் வைத்தியரிடம் வருவதில்லை. தலையிடி என்பார். நெஞ்சு எரிகிறது, நாரி நோகிறது, நித்திரை இல்லை என்பார். கொஞ்சம் இருத்திவைத்துக் கதைத்தால் "ஒரே யோசினை" என்பார். இடையிடையே ஒரு பெருமூச்சு வரும். போர்க்காலத்தில் அங்கே உளமருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் அந்தப் பெருமூச்சையும் ஓர் அறிகுறியாகவே எழுதிவைத்தார். வெளியே தயாரித்து மொழிபெயர்த்துக் கொண்டுவந்த வினாக்கொத்துகளில் தலையிடிக்குக் கட்டம் உண்டு, நித்திரையின்மைக்கு உண்டு. பெருமூச்சுக்குக் கட்டம் இல்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் இடம்பெயர்ந்தோரின் உளநலம் பற்றி முப்பது வருடமாக நடக்கிற வழக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பெருமூச்சு அவருக்குள் இருக்கிற நோயா, அவருக்கு நடந்ததற்கு அவர் உடம்பு சொல்கிற பதிலா? நோய் என்றால் சிகிச்சை கொடுக்க வேண்டும். பதில் என்றால் நடந்ததை யாராவது விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஆட்கள் வேறு, பணம் வேறு, அரசாங்கம் விரும்புவதும் வேறு.

இரு தரப்பையும் முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். ஒரு தரப்புக்கு மையம் மனவடு. குண்டுவீச்சு, சித்திரவதை, பிணக்குவியல் போன்றவற்றைக் கண்டவர் மனத்தில் அது தழும்பாகி, கனவாகவும் திடுக்கிடலாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் பி.டி.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த நிலையை ஈழத்து உளமருத்துவர்கள் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தமிழாக்கினார்கள். இதற்குத் திட்டமான சிகிச்சைகள் உண்டு, அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே வேலை என்பது இவர்கள் வாதம். மறுதரப்பு, போருக்குப் பின் மனிதரை வதைப்பது பெரும்பாலும் இன்றைய வாழ்க்கைதான் என்கிறது: வீடில்லை, தொழிலில்லை, பிள்ளை எங்கே என்று தெரியவில்லை, வேலிக்கு வெளியே போக விடவில்லை. பிரித்தானிய உளமருத்துவர் டெரெக் சம்மர்ஃபீல்ட் 1999இல் எழுதிய கட்டுரை இந்தத் தரப்பின் குற்றப்பத்திரிகை எனலாம். துயரத்தை நோயாக்குகிறீர்கள், அரசியலை வைத்தியமாக்குகிறீர்கள் என்று அவர் சாடினார். 2010இல் கென்னத் மில்லரும் ஆண்ட்ரூ ராஸ்முசனும் இன்னும் நிதானமாக, போர் அனுபவம் மனத்தைத் தாக்குவதில் ஒரு பெரும் பங்கு அன்றாட நெருக்கடிகளின் வழியாகவே வருகிறது என்று வாதிட்டார்கள்.

இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஈழத்து இடப்பெயர்வு பற்றி நம்மிடம் இருக்கும் சான்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன?

முதல் சான்று யாழ் மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை எடுத்த ஆய்வு. அது தொடங்கும்போது போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1,517 வீடுகளைத் தேர்ந்து, 1,409 பேரின் விடைகளைக் கணக்கில் எடுத்து, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 விழுக்காடு, பதற்றம் 32.6, மனச்சோர்வு 22.2. நீண்டகாலம் ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் முகாம்களில் இருந்தவர்களுக்கு மூன்றுமே பல மடங்கு சாத்தியமாக இருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் கண்ட கொடுமைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்ததும், இடம்பெயர்ந்திருப்பதற்கும் அறிகுறிகளுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது.

மனவடுத் தரப்புக்கு இது வெற்றி போலத் தோன்றும். முகாம் மனத்தைக் கெடுக்கவில்லை, முகாமுக்கு வருமுன் கண்டதே கெடுத்தது என்று வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கத் தயங்குகிறேன். கேட்கப்பட்ட 1,409 பேரில் முகாமில் இருந்தவர்கள் எண்பது பேர் மட்டும். அத்தனை சிறிய குழுவை வைத்துக்கொண்டு ஒரு தொடர்பு "இல்லை" என்று சொல்ல முடியாது, "பிடிபடவில்லை" என்று மட்டுமே சொல்லலாம். தவிரவும் அதிகக் கொடுமை கண்டவர்கள்தான் முகாமில் இருந்தார்கள். பாலையும் நீரையும் கலந்துவிட்டு, நீரின் பங்கைக் கழித்துக் காட்டுகிறேன் என்கிற கணக்கு அன்னப்பறவைக்குத்தான் சரிவரும்.

அந்த ஆய்வு பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் ஹாப்கின்ஸ் பட்டியல். அதன் இருபத்தைந்து வினாக்களில் ஒன்று, "அகப்பட்டுக்கொண்டது போன்ற உணர்வு உண்டா?" என்று கேட்கிறது. லண்டனிலோ பாஸ்டனிலோ சுதந்திரமாக நடமாடும் ஒருவர் ஆம் என்றால் அது அறிகுறி. 2009இல் போர்க்களமான வன்னியிலிருந்து வந்தவர்களோ முள்வேலிக்குள் இருந்தார்கள். டிசம்பர்வரை அவர்கள் விரும்பியபடி வெளியே போய்வர முடியவில்லை. அவர்களில் ஒருவர் ஆம் என்று சொன்னால் அவருக்கு நோய்ப் புள்ளி ஒன்று ஏறுகிறது. இல்லை என்று சொல்லியிருந்தால்தான் வைத்தியர் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. அதற்கு ஆய்வாளர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அளவீடு யாழ் மாவட்டத்தோடு நின்றது. அதே மாதங்களில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், கடைசிப் போர் நடந்த முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து நேரே வந்தவர்கள். போர் முடிந்த வடக்கின் உளநலம் என்று உலகம் மேற்கோள் காட்டும் எண்களில், போரின் கடைசிக் கட்டத்தைக் கண்ட பெருந்திரளான மக்கள் இல்லை.

இரண்டாவது சான்று புத்தளம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழர் துயரத்தைப் பேசும் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவது வழக்கம். உளநலத்தைப் பேசும் கட்டுரையும் அப்படிக் கடந்தால் அதன் மனசாட்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவர்களில் பலர் போய்த் தங்கிய புத்தளத்தில், இருபது வருட அகதி வாழ்வுக்குப் பிறகு 450 பேரைக் கண்டு செய்த ஆய்வு 2013இல் வந்தது. மனவடு நோய் 2.4 விழுக்காடுதான். மனச்சோர்வு, பதற்றம் முதலிய பொதுவான உளக் கோளாறுகளில் ஏதாவதொன்று உள்ளவர்கள் 18.8. அதில் பெரும்பங்கு, உடம்பில் காரணம் தெரியாத வலியாக வெளிப்படுகிற வகை: 14.0 விழுக்காடு. தலையிடியும் நாரிநோவும் நெஞ்செரிவும்தான் அது. வினாக்கொத்தில் இடம் கிடைக்காத பெருமூச்சு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

இந்தக் கோளாறுகளோடு சேர்ந்து காணப்பட்டவை வேலையின்மை, துணையை இழந்த அல்லது பிரிந்த நிலை, உணவுக்கு நிச்சயமின்மை. இரண்டாம் தரப்பு இதைத் தூக்கிப்பிடிக்கும். அங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை கேட்டு எழுதிய ஆய்வு இது. வேலையில்லாததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் வேலைக்குப் போக முடியவில்லையா என்று அது சொல்லாது. யாழ்ப்பாணத்து எண்ணையும் புத்தளத்து எண்ணையும் பக்கத்தில் வைத்து, இருபது வருடத்தில் மனவடு ஆறிவிடும் என்று கணக்குப் போடுவதும் தவறு. கருவிகள் வேறு, மக்கள் வேறு, பட்ட கொடுமையின் தன்மையும் வேறு.

தராசு முள் ஓரளவு நேராக நிற்கும் ஒரே இடமாக எனக்குப் படுவது 1999இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு. அங்கே போன 196 தமிழர்கள்: தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர்கள், அகதி நிலை பெற்றவர்கள், சாதாரணமாகக் குடிபெயர்ந்தவர்கள். மனவடு அறிகுறிகளில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 20 விழுக்காட்டை நாட்டில் பட்ட கொடுமை விளக்கியது. வந்திறங்கிய பிறகு பட்ட நெருக்கடி 14 விழுக்காட்டை விளக்கியது. முதலாவதில் நாம் செய்வதற்கு எதுவும் இல்லை, அது நடந்துமுடிந்த கதை. இரண்டாவது, விசா கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. உளமருத்துவருக்கே கிடைக்காத அதிகாரம் ஒரு குடிவரவு அதிகாரிக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

தமிழ்நாட்டை இங்கே விட்டுவிட முடியாது. 1983க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் வளர்ந்திருக்கிறார்கள். 2021இல் மாநில அரசு அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்ல காரியம்தான். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ அவர்களை வெளியே நிறுத்தியது. அங்கே பிறந்து கல்லூரி முடித்த ஒருவருக்கு முள்ளிவாய்க்கால் கனவில் வராது. அவர் அதைப் பார்த்தவரே அல்ல. அவருக்கு வருவது வேறொரு யோசினை. மனவடுக் கருவியை அவர்மேல் வைத்தால் ஒன்றும் இல்லை என்று காட்டும்.

அளவீடு போதும். செய்த உதவிகள் என்ன பலன் தந்தன?

இந்தப் பகுதியில்தான் நம்மவர்கள் படிக்கத் தவறிய ஓர் ஆய்வு இருக்கிறது. போர் இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே வடக்கின் பாடசாலைகளில் 399 பிள்ளைகளை எடுத்து, சிலருக்கு வகுப்பறையிலேயே விளையாட்டும் வரைதலும் பேச்சும் கலந்த உளசமூக நிகழ்ச்சி நடத்தி, மற்றவர்களைக் காத்திருக்கச் செய்து ஒப்பிட்டார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. முக்கியமாக எதிர்பார்த்த பலன்களில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. மனவடு, பதற்றம் இரண்டிலும் பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். பெண்பிள்ளைகளுக்கோ நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்களைவிடக் காத்திருந்தவர்களின் மனவடு அறிகுறிகள்தான் அதிகம் குறைந்திருந்தன. போரின் அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே நிகழ்ச்சி நன்றாக உதவியது. மழை நின்ற இடத்தில்தான் குடை பயன்பட்டது என்பது போல.

இந்த ஆய்வை நடத்தியவர்களைப் பாராட்ட வேண்டும். பலனில்லை என்ற முடிவையும், சில பிள்ளைகளுக்குப் பாதகமாகப் போயிருக்கலாம் என்ற ஐயத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பின் கிழக்கிலும் வடக்கிலும் நடந்த எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் அப்படி ஒரு ஒப்பீடு நடக்கவில்லை. ஓர் ஆலோசகர் வருவார், மூன்று நாள் இருப்பார், சான்றிதழ் கொடுப்பார், குழுப் படம் எடுப்பார். அறிக்கையில் பயன்பெற்றோர் எண்ணிக்கை இருக்கும். ஆறு மாதம் கழித்து அவர்களில் யார் நித்திரை கொள்கிறார்கள் என்று யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. கதையைச் சொல்லவைத்தால் மனம் ஆறும் என்ற நம்பிக்கை அப்போது ஒரு மதம் போலவே பரவியிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேருக்கு இரண்டு வகைச் சிகிச்சைகளை ஆறு அமர்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொல்லவைப்பது. மற்றது, தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். இரண்டும் பலன் தருகின்றன என்று சொல்லலாம். சிகிச்சையே இல்லாத மூன்றாவது குழு இல்லாததால், காலமே ஆற்றியதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது, நம்மூர்த் தியானம் புதிய உத்திக்கு ஏறக்குறைய சமமாக நின்றதுதான். நம்மூர்ப் பெருமை பேச இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 31 பிள்ளைகளை வைத்து யாருக்கும் பெருமை கட்ட முடியாது.

உதவியின் வரலாற்றில் எனக்குக் கசப்பான அத்தியாயம் மெனிக் பாமுக்குப் பிந்தியது. மீள்குடியேற்றத்துக்காக அமைத்த ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் அப்போது வடக்கில் எந்த நிறுவனமும் வேலை செய்ய முடியவில்லை. வீதியும் கட்டடமும் போடுகிறோம் என்று போனவர்களுக்கு வழி திறந்தது. உளசமூக வேலை என்று போனவர்களுக்கு அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. காரணத்தை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆட்களைக் கூட்டி இருத்தி, என்ன நடந்தது என்று கேட்பதுதான் அந்த வேலையின் முதல் படி. உளநலம் அரசியலற்றது என்று எண்ணிக்கொண்டிருந்த உளவளத்துணையாளர்களைவிட, அது அரசியல்தான் என்று அரசாங்கம் தெளிவாக அறிந்திருந்தது. சம்மர்ஃபீல்ட் வாதத்தின் குறை இங்கே தெரிகிறது. வைத்தியம் எப்போதும் அரசியலை மழுங்கடிக்கும் என்று அவர் அஞ்சினார். வன்னியில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து அழ அனுமதி கேட்பதே அரசியலாக இருந்தது.

அழுவதற்கு நம்மிடம் முறை உண்டு. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தம். சடங்கில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஊர் திரண்டு வந்து, இவர் செத்துவிட்டார், நீ அழலாம், பிறகு எழும்பிச் சமைக்கலாம் என்று சொல்லும் ஏற்பாடு அது. முள்ளிவாய்க்காலில் உடல்களை விட்டுவிட்டு நடந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. கீரிமலையோ நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் அந்தியேட்டி செய்வதே துரோகம்: செய்தால் நீயே கொன்றுவிட்டாய், செய்யாவிட்டால் பொட்டும் தாலியுமாகக் காத்திரு. 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கக் கூடிய தாய்மாரைப் பற்றி மானுடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ் எழுதியிருக்கிறார். அரசு சொல்ல மறுத்த விடையை அவர்கள் தெய்வம் ஆடியவரிடம் கேட்டார்கள். 2016இன் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் கேட்காமல் 'காணாமை' சான்றிதழ் கேட்க வழி செய்தது. வங்கிக் கணக்குக்கும் காணிக்கும் அது உதவும். துக்கத்துக்கு உதவுமா என்று அம்மன் முன் நின்ற தாய்தான் சொல்ல வேண்டும்.

தயா சோமசுந்தரத்தின் பெரிய பங்களிப்பு இதைக் கண்டதில் இருக்கிறது. காயம்பட்டது தனியாள் மட்டுமல்ல, ஊரும்தான் என்றார். நம்பிக்கை, உறவு, ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழக்கம் எல்லாம் அறுந்துபோகும் கூட்டு மனவடுவைப் பேசினார். 1993இல் தமிழில் 'மனவடு' என்ற நூலும் எழுதினார். அவர் கருத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஓர் ஐயமும் உண்டு. 'சமூகம்' என்று சொல்லும்போது எந்தச் சமூகம்? விதவையை மணவறைப் பக்கம் விடாததும் அதே ஊர்தான். மனநோயாளியை விசர் என்று பகிடி பண்ணுவதும், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று சொல்வதும் அதே உறவுகள்தான். அக்டோபர் 1990இல் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் போனதைக் கதவு மூடிப் பார்த்ததும் அதே சமூகம். அறுந்த வலையைத் திரும்பப் பின்னும்போது பழைய கண்ணிகளை அப்படியே பின்ன வேண்டுமா என்ற கேள்வியை அவர் எழுத்து போதிய அளவு கேட்கவில்லை என்பது என் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, போர் கண்ட மக்களில் 22.1 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு உளநோய் என்கிறது. கடுமையானது 5.1. எஞ்சிய ஏறத்தாழ எழுபத்தெட்டு விழுக்காட்டினர் துயரப்படலாம், நோயாளிகள் அல்லர். இந்த எண்ணை இரண்டு தரப்பும் பாதி பாதியாகத்தான் வாசிக்கின்றன. மனச்சிதைவு நோய் உள்ள மகனுக்கு ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்த தாய், 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில் என்ன செய்திருப்பார்? தெல்லிப்பளையிலிருந்த உளநலப் பிரிவே போரில் இடம்பெயர்ந்தது. அந்தத் தாயிடம் போய், உங்கள் மகனுடைய நிலை சமூக அநீதியின் வெளிப்பாடு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அவருக்கு வேண்டியது மாதாமாதம் மருந்து, அதை எழுதித்தர ஒரு மருத்துவர், மருந்து வாங்கப் போகும் பஸ். மருந்தைப் பற்றி இளக்காரமாகப் பேசும் விமர்சகர்களுக்கு வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்த அனுபவம் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. கடுமையான நோய் உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவத் தரப்பு சொல்வதே சரி. அதில் பேரமே இல்லை. மாவட்ட மருத்துவமனை, நிரந்தர வேலையில் உள்ளூர் உளவளத்துணையாளர், தடையின்றி மருந்து. பெரும்பான்மையினர் விஷயத்தில் இரண்டாம் தரப்பு சொல்வதே அதிகம் சரி. இராணுவம் பிடித்த காணியைத் திரும்பக் கொடுப்பதும், நுண்கடன் வசூலிக்க வீட்டு வாசலில் நிற்பவனைத் தடுப்பதும், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதும் செய்ய வேண்டியதைக் குறுகிய காலப் பட்டறைகளால் செய்ய முடியாது. அந்தப் பட்டறைகளுக்கு ஆதரவாக நம்மிடம் இருக்கும் சான்று பலவீனமானது, பெண்பிள்ளைகள் விஷயத்தில் கவலை தருவது. ஆனால் இரண்டாம் தரப்பும் தன் வாதத்துக்கு உரிய சான்றைச் சேர்க்கவில்லை. காணி திரும்பக் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஒப்பிட இயற்கையே ஏற்பாடு செய்துகொடுத்தது போல வாய்ப்புகள் இருந்தன. 2012 செப்டம்பரில் மெனிக் பாமை மூடியபோது கேப்பாப்பிலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடாமல் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கினார்கள். பக்கத்து ஊர்கள் பலவற்றின் சனம் வீடு திரும்பியது. அந்த ஒப்பீட்டை முறையாகச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையில் இத்தனை "ஆனால்" இருந்திராது.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் கொட்டில் போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருந்தார்கள். விடை கிடைக்காமலே பலர் செத்தும் போனார்கள். அங்கே ஒரு வினாக்கொத்தைக் கொண்டுபோனால் ஹாப்கின்ஸ் பட்டியலில் அவர்களுக்குப் புள்ளிகள் நிறைய ஏறும்: எளிதில் அழுகை வருதல், எதிர்காலம் பற்றி நம்பிக்கை இன்மை, அளவுக்கு மேல் யோசினை. எந்த அளவுக்கு மேல் என்று அதில் எழுதியிருக்காது.